ராணிப்பேட்டை ஃபைபர் தொட்டி நோயாளிக் கடலாமைக்குத் தேறுமா?

"எத்தனை எம்எம் போடட்டும் சார்?" ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் எந்த ஃபைபர் பட்டறைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி இதுதான். அமிலத் தொட்டி வாங்குகிறவருக்கு அது சரியான கேள்வி. நோயாளி ஆமையை விடப்போகும் தொட்டிக்குச் சுவரின் தடிமன் இரண்டாம்பட்சம். முதலில் பேசி முடிக்க வேண்டியது அடியில் இருக்கும் ஓட்டையைப் பற்றி.

இங்கே எடை போடுவது, சிப்காட் பகுதிப் பட்டறை ஒன்றில் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கும் வட்டத் தொட்டியை. விட்டம் 2.4 மீட்டர், சுவர் உயரம் 1.2 மீட்டர், தண்ணீர் 1 மீட்டர் வரை. கொள்ளளவு ஏறக்குறைய 4,500 லிட்டர். சென்னை முதல் கடலூர் வரையிலான கரையில் தை, மாசி மாதங்களில் ஒதுங்கும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) ஒன்றைத் தேற்றுவதற்கு இது போதும். வளர்ந்த பங்குனி ஆமையின் ஓடு 60 முதல் 70 செ.மீ., எடை 35 முதல் 50 கிலோ. நன்கு வளர்ந்த பேராமைக்கு (பச்சைக் கடலாமைக்கு) இந்த விட்டம் பத்தாது. ஒரு தொட்டியில் ஓர் ஆமைதான். இரண்டாவது வந்தால் இரண்டாவது தொட்டி. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் பங்குனி ஆமை கடிக்கும், நண்டு ஓட்டை நொறுக்கும் அலகு அது.

கடலே இல்லாத ஊரில் ஏன் கடலாமைத் தொட்டி என்று கேட்கலாம். காரணம் தோல் பதனிடும் தொழில். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முழுக்கத் தோல் ஷெட்டுகளுக்கும் கழிவுநீர் நிலையங்களுக்கும் ரசாயனத் தொட்டி செய்து பழகிய கைகள் இங்கே இருக்கின்றன. ரசாயனத் தொட்டியை ஆண் மோல்டின், அதாவது புடைத்த அச்சின், மேல் வார்ப்பார்கள். மோல்டைத் தொடும் பக்கம்தான் கண்ணாடி மாதிரி வழவழப்பாக வரும். ஆண் மோல்டில் அது தொட்டியின் உள்பக்கம். பூந்தொட்டி, நாற்காலி செய்யும் பட்டறைகளில் பெண் மோல்டுதான், அதாவது குழிந்த அச்சு. அங்கே வெளிப்பக்கம் பளபளக்கும், உள்ளே கண்ணாடி இழை நீட்டிக்கொண்டிருக்கும். ஆமை உரசுவது உள்பக்கத்தை. இந்த ஒரு காரணத்துக்காகவே சென்னையிலிருந்து 110 கிலோமீட்டர் தள்ளிவந்து இங்கே ஆர்டர் கொடுப்பது தகும்.

தடிமன் விஷயத்துக்கு வருவோம். ஃபைபர் வேலைக்கு இங்கே பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். எம்எம் ஏறினால் கிலோ ஏறும், கிலோ ஏறினால் பில் ஏறும். 1 மீட்டர் தண்ணீர் இந்த விட்டத்தில் சுவருக்குக் கொடுக்கும் இழுப்பு, 5 மி.மீ. மேட் லேமினேட் (கண்ணாடி இழை விரிப்பான மேட்டை ரெசின் என்னும் பிசினில் நனைத்து அடுக்கியது) தாங்கக்கூடியதில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு போட்டால் ஏறக்குறைய 1 மி.மீ. வரும், ஐந்து அடுக்கு சுவருக்குப் போதும். தரைக்கு ஓர் அடுக்கு கூடுதல், சுவரும் தரையும் சேரும் மூலைக்கு எட்டு அடுக்கு. மூலை செங்கோணமாக இருக்கக்கூடாது, 10 செ.மீ. வளைவு கேளுங்கள், இல்லாவிட்டால் கழிவு அங்கேதான் தேங்கும். 5 மி.மீ.யில் உடல் மட்டும் 100 கிலோ சுமார், 8 மி.மீ. என்றால் 155 கிலோவைத் தாண்டும். அந்த ஐம்பத்தைந்து கிலோவுக்குப் போகும் பணத்தை வடிகாலுக்கும் ரெசினுக்கும் திருப்பிவிடுங்கள். விலையைத் தொட்டிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் இந்த இழுபறியே வராது.

ரெசினில் பேரம் பேச வேண்டாம். சாதாரண ஜி.பி. (பொதுப் பயன்பாட்டு) ரெசினில் செய்தால் விலை குறையும், ஆனால் எந்நேரமும் தண்ணீர் நிற்கும் இடத்தில் நாளடைவில் ஜெல்கோட் என்னும் மேல்பூச்சுக்கு அடியில் கொப்புளம் வரும். கொப்புளம் உடைந்தால் உள்ளிருந்து புளித்த வாடையோடு நீர் கசியும். அந்தக் குழிக்குள் பாசியும் பாக்டீரியாவும் குடியேறிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நீரைத் தாங்கும் ஐசோ ரெசின், ஐசோ ஜெல்கோட், அதற்குப் பின்னால் மெல்லிய இழைத்தாளான ஒரு சர்ஃபேஸ் டிஷ்யூ, அப்புறம்தான் மேட். இந்த வரிசையை ஆர்டர் தாளில் எழுதி வாங்குங்கள்.

வட ஆற்காட்டு வெயிலுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. 1 கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மி.லி. சேர்க்க வேண்டும். சித்திரை வைகாசியில் ஷெட்டுக்குள் 40 டிகிரி கொதிக்கும்போது, மேட்டின் மேல் உருளையை ஓட்டி முடிப்பதற்குள் ரெசின் வாளியிலேயே கட்டியாகிவிடும். அதற்குப் பயந்து வேலையாட்கள் கேட்டலிஸ்டை 5, 6 மி.லி.க்குக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது ரெசின் மெதுவாக இறுகுவது போலத் தெரியும், உண்மையில் முழுசாக இறுகவே இறுகாது. மாதக்கணக்கில் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்னும் ரசாயனத்தின் வாடை அடிக்கும், அது தண்ணீரிலும் இறங்கும். தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி மூச்சுவிடும் பிராணிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. சரியான வழி, கேட்டலிஸ்டைக் குறைக்காமல், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைக் குறைப்பது, ரெசினைச் சின்னச் சின்ன அளவில் கலப்பது, வேலையைக் காலை ஆறு மணிக்கே தொடங்கிப் பத்துக்குள் முடிப்பது. முடிந்தால் ஆர்டரையே கார்த்திகை, மார்கழியில் கொடுங்கள். இறுகியதா என்று பார்க்க அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் சுவரை முப்பது தடவை தேயுங்கள். துணியில் நிறம் இறங்கினாலோ சுவர் பிசுபிசுத்தாலோ தொட்டியை எடுக்க வேண்டாம். வார்த்து முடித்த தொட்டியை இரண்டு வாரம் வெளியில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். கலக்கும்போது காலை வாரிய அதே வெயில், வார்த்தபின் இறுகுவதற்குக் கைகொடுக்கும்.

உள்சுவரைச் சோதிக்க மெஷின் எதுவும் வேண்டாம். மருந்துக்கடைப் பஞ்சு ஒரு உருண்டை எடுத்து, சுவரில் லேசாக ஒற்றியபடி கீழிருந்து மேலாக ஓட்டுங்கள். இழை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பஞ்சு நூலாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நாங்கள் பார்த்த தொட்டியில் சுவர் முழுக்க ஓட்டியும் பஞ்சு ஓர் இடத்திலும் நிற்கவில்லை. வடிகாலைச் சுற்றிய ஒரு சாண் இடத்தில் மட்டும் ஒன்பது வட்டம். வடிகாலுக்கு ஓட்டை போட்டது மோல்டில் இல்லை, பிறகு கிரைண்டரை வைத்து என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அடுத்து ஒரு ரூபாய் நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிக் டிக்' என்று வந்த ஓசை ஓரிடத்தில் 'டொப்' என்றால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது.

இனி வடிகால். இந்தத் தொட்டியின் பெருங்குறை இங்கேதான்.

கேட்காமல் விட்டால் 1½ இஞ்ச் பைப் வைத்துக் கொடுக்கிறார்கள். ரசாயனத் தொட்டிக்கு அது பழக்கம். ஆமைத் தொட்டியில் ஊசி போடவும், இரத்தம் எடுக்கவும், எடை பார்க்கவும் தண்ணீரை 1 மீட்டரிலிருந்து 25 செ.மீ.க்கு இறக்க வேண்டும். 1½ இஞ்ச்சில் அதற்கு இருபத்தைந்து நிமிடம் போல ஆகும், 3 இஞ்ச்சில் ஆறு ஏழு நிமிடம். கூடுதலாகும் அந்தப் பத்தொன்பது நிமிடமும் ஆமை சுவரோரம் முட்டி மோதிக் களைத்துப்போகும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஆழத் தண்ணீரிலேயே இறங்கித் துரத்துவார்கள், அதற்குப் பிறகு எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் அந்தக் களைப்பும் கலந்து வரும். 3 இஞ்ச்சுக்குக் குறைய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது இணைப்பு. பி.வி.சி. பைப்பை ஓட்டைக்குள் செருகி, சுற்றிலும் மேட்டும் ரெசினும் வைத்துப் பூசிக் கொடுப்பது இங்கே வழக்கம். பார்க்கக் கல் மாதிரி இருக்கும். பாலியெஸ்டர் ரெசின் பி.வி.சி.யை ஒழுங்காகப் பிடிக்காது. தண்ணீர் நிரப்பி இறக்கி நிரப்பி இறக்கித் தரை அசைய அசைய, இரண்டுக்கும் நடுவே மயிரிழை விலகல் வரும். முதலில் பைப்பைச் சுற்றி வெள்ளையாக ஓர் உப்பு வளையம் தெரியும், பிறகு அடியில் போட்ட மணல் கரைந்து ஓடும், அடி வெற்றிடமான இடத்தில் தரை விரியும். கேட்க வேண்டியது ஃபைபரிலேயே வார்த்த நாசில் (குட்டைக் குழாய்), அதன் முனையில் ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் வட்டத் தகடு). அதற்கும் பி.வி.சி. ஃபிளாஞ்ச்சுக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட், போல்ட் எல்லாம் 316 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு). 304 கொடுத்தால் உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துருப்பொட்டு விழும். பித்தளை, செம்பு எதுவும் தண்ணீரைத் தொடக்கூடாது. வெட்டிய ஓட்டையின் விளிம்பை ரெசினால் மூடாமல் விட்டால் இழைவழியே தண்ணீர் உறிஞ்சி உள்ளே ஏறும். அந்த ஒன்பது வட்டத்துக்கும் மருந்து அப்படி ரெசினால் மூடுவதுதான்.

நடுவில் 30 செ.மீ. அகலத்துக்குச் சிறு குழி, அதை நோக்கித் தரை ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு. குழிக்கு மூடி, 12 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) தகட்டில் 8 மி.மீ. துளை இருநூறு. கணக்கு எளிது: 3 இஞ்ச் பைப்பின் வாய் ஐம்பது சதுர செ.மீ. சுமார், இருநூறு துளையும் சேர்ந்து நூறு. வாயைவிடத் துளைகள் இரண்டு மடங்கு இருந்தால் மூடியின் மேல் உறிஞ்சல் தெரியாது. பட்டறையில் கொடுத்தது குளியலறைச் சல்லடை, அதுவும் ஓரம் கூராக. துடுப்பையோ வாயையோ அது பிடித்துக்கொண்டால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் ஆமை அப்படியே மூழ்கிச் சாகும். அதனால் பம்ப்பின் உறிஞ்சு குழாயை இந்த வடிகாலில் நேராக மாட்டவே கூடாது. தண்ணீர் தானாக வெளித் தொட்டிக்கு இறங்கட்டும், அங்கிருந்து பம்ப் எடுக்கட்டும். மூடியின் திருகுகள் தகட்டுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் எதையும், கேபிள் கட்டும் நைலான் பட்டை உட்பட, இந்த ஆமை கடித்துப் பிடுங்கி விழுங்கும்.

நீர்மட்டக் குழாயைத் தொட்டிக்குள் நட்டுவைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், வெளியே வையுங்கள். வடிகாலிலிருந்து வரும் பைப்பை வெளிப்புறம் மேலே திருப்பி, அதில் செருகிக் கழற்றும்படி மூன்று துண்டு: 25, 60, 100 செ.மீ. எந்தத் துண்டைச் செருகுகிறீர்களோ அந்த மட்டத்துக்குத் தண்ணீர் தானே நிற்கும். சிகிச்சையே இந்த மூன்று துண்டில்தான் நடக்கிறது என்று சொல்லலாம். இழுவை வலையில் மூச்சு முட்டி மயங்கி வந்த ஆமைக்கு முதல் நாள் தண்ணீரே ஆகாது. வயிறு கீழே இருக்கும்படி ஸ்பாஞ்சில் கிடத்தி, பின்பக்கத்தை 15 செ.மீ. தூக்கிவைத்து, நான்கு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும். மூக்கைத் துணி மூடக்கூடாது. பிறகு 25 செ.மீ. துண்டு: தலையைத் தூக்கினாலே காற்று கிடைக்கும் ஆழம். ஓடெல்லாம் கொட்டலசு (ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) ஏறி, கண் குழிந்து வருவதற்கு இதே மட்டத்தில் ஒரு நாள் நல்ல தண்ணீர். கொட்டலசு செத்து உதிரும், உடம்புக்கும் நீர் ஏறும். அப்புறம் உப்பைப் படிப்படியாக ஏற்றலாம். நீந்தத் தொடங்கியதும் 60. ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கும் ஆமையை மதிப்பிட 100 வேண்டும். நுரையீரலிலோ குடலிலோ காற்று சிக்கியிருந்தால் ஒரு மீட்டரில் அடித்தரையில் போய்ப் படுக்க அதனால் முடியாது. பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். ஆழம் குறைந்த தொட்டியில் இந்தக் குறையே வெளியில் தெரியாது, தேறிவிட்டதாக நினைத்துக் கடலில் விட்டுவிடுவார்கள். வட்டத் தொட்டியில் ஒரு மீட்டர் கேட்பது அதனால்தான்.

வெளிக்குழாயின் வாயில் 1 மி.மீ. வலைப்பை ஒன்றைக் கட்டுங்கள். எச்சமும் அதோடு வரும் பிளாஸ்டிக், தூண்டில் நரம்புத் துண்டும் அதில் சிக்கும். மருத்துவருக்கு அது தினசரி அறிக்கை. உள்நிறம் இளநீலம் அல்லது வெளிர்சாம்பல். கருநீலத்தில் எச்சம் தெரியாது, வெள்ளையில் கண் கூசும். நிறம் எதுவானாலும் வெளிச்சம் ஊடுருவாமல் இருக்க வேண்டும். ஊடுருவினால் வெளிச்சமான பக்கத்தையே போய் முட்டிக்கொண்டிருக்கும். மேலே பாதி வட்டத்துக்காவது நிழல்வலை.

2.4 மீட்டர் என்ற அளவு ஆமையைப் பார்த்துப் போட்டது பாதி, லாரியைப் பார்த்துப் போட்டது பாதி. லாரியின் அகலத்துக்குச் சட்டம் வைத்த வரம்பு 2.6 மீட்டர். விளிம்பின் பட்டையையும் சேர்த்தால் தொட்டி 2.5-இல் நிற்கும், ஒரே வார்ப்பாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏற்றி அனுப்பிவிடலாம். 3 மீட்டர் கேட்டால் இரண்டு பாதியாக வரும், கடற்கரையில் வைத்து ஒட்டவேண்டும். உப்புக்காற்றில், மணல் பறக்கும் இடத்தில் ஒட்டும் இணைப்பு பட்டறை வேலை போல வராது. ஏற்றும்போது உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சவுக்குக் கட்டை முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், கயிறு இறுக்கினால் வட்டம் முட்டையாகிவிடும். இறக்கி வைக்கும் தளத்தில் தரையின் சரிவுக்கு ஏற்ப மணல்-சிமெண்ட் படுக்கை போட்டபிறகுதான் தொட்டி. அடியில் ஒரு ஜல்லிக்கல் கிடந்தாலும் நாலரை டன் தண்ணீர் அமுக்கி நட்சத்திர விரிசல் விடும்.

மாற்று என்று சொல்லக்கூடியவை சிலவே. சிமெண்ட் தொட்டி மலிவு, ஆனால் சொரசொரப்பில் ஆமையின் அடி ஓடு தேய்ந்து புண்ணாகும். தார்ப்பாய்த் தொட்டி அவசரத்துக்கு ஓரிரு நாள். துடுப்பில் இருக்கும் நகம் கிழித்துவிடும்.

கடல்நீர் குழாய் இல்லாத இடத்தில் 4,500 லிட்டருக்கு 30 கிராம் வீதம் 135 கிலோ உப்பு, அதாவது 50 கிலோ மூட்டை மூன்றுக்குச் சற்றே குறைவு. மரக்காணத்துக் கல் உப்பு போதும். அயோடின் கலந்து கட்டியாகாமல் பொடித்த பாக்கெட் உப்பு வேண்டாம். ஆமை மூச்சுவிடுவது காற்றில், செவுளில் இல்லை என்பதால் மீன்தொட்டி உப்புக்குக் கொட்டிக்கொடுக்க அவசியமில்லை. 40 கிலோ ஆமைக்கு நாளுக்கு உடல் எடையில் 2 சதவீதம் என்று வைத்தாலும் 800 கிராம் மீனும் நண்டும். எண்ணெய்ப்படலம் மேலே மிதக்கும். அதை வழித்துவிட 1 மீட்டர் மட்டத்தில் சுவரில் ஒரு வழிவாய் கேளுங்கள். மூடியில்லாமல் கை அகலத் திறப்பு வைத்தால் துடுப்பு மாட்டும், எனவே இதற்கும் துளைத் தகடு.

ஓர் ஆமை போய் அடுத்தது வருவதற்குள் 5 சதவீத ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட்) லிட்டருக்கு 4 மி.லி. கலந்து தேய்த்து, பத்து நிமிடம் விட்டு அலசி, ஒரு நாள் காயவிடுங்கள். கறை போக்க ஆசிட் ஊற்றும் பழக்கம் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

பழைய தொட்டி பாதி விலைக்குக் கிடைக்கும் என்று பட்டறையிலேயே காட்டுவார்கள். தோல் ஷெட்டில் குரோம் கரைசல் நின்ற தொட்டியாக இருக்கும். உள்ளே பச்சைச் சாயல் பார்த்தாலே தெரியும். எத்தனை முறை கழுவினாலும் லேமினேட்டுக்குள் ஊறியது வெளிவந்துகொண்டேதான் இருக்கும். அது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களுக்கு: கடலாமைகள் 1972 வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வனத்துறை அனுமதி பெற்ற மையமும் கால்நடை மருத்துவரும் இல்லாமல் இந்தத் தொட்டிக்கு வேலையில்லை. வேலூர் ஏரிகளில் மீன்வலையில் சிக்கும் பாலாமையும் அதே அட்டவணைதான். சேற்றில் புதையும் அந்தப் பிராணிக்கு இந்த வழவழப்புத் தரையும் ஆகாது.

மொத்தத்தில் உடல் வார்ப்புக்கு முழு மதிப்பெண், வடிகாலுக்குப் பாதிகூட இல்லை. வடிகாலை மாற்றிக் கொடுக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள், ஃபிளாஞ்ச் வேலை அவர்களுக்குப் புதிதும் இல்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். பணத்தில் கால்பங்கை நிறுத்திவைத்து, பட்டறையிலேயே 1 மீட்டருக்குத் தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ஆவியாவதைக் கழிக்கப் பக்கத்தில் ஒரு வாளியும் வைத்து, 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளியில் இறங்கிய அளவே தொட்டியிலும் இறங்கியிருந்தால் கசிவில்லை. பிறகு வால்வைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்: ஏழெட்டு நிமிடத்தில் 25 செ.மீ. கோட்டுக்கு வந்துவிட்டதென்றால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். முதல் தண்ணீரில் ஸ்டைரீன் இருக்கும், பட்டறை வாசல் வேப்பமரத்துக்கு விடச் சொல்லாதீர்கள்.